பாட்டுக்குள் யார் உள்ளூர், யார் விருந்தாளி?

ஒரு செய்யுளைக் கொடுத்து "இதில் என்ன அணி?" என்று கேட்டால், படிக்கிறவர்களின் கண் பாட்டைப் படிக்காது, ‘போல’ எங்கே இருக்கிறது என்று துழாவும். ‘போல’ கிடைத்தால் உவமை அணி. கிடைக்காவிட்டால் உருவகம். இரண்டும் ஒத்துவராவிட்டால், உள்ளதை உள்ளபடி சொல்லும் இயல்பு நவிற்சி என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். மதிப்பெண் வாங்க இதுவே பல சமயம் போதும் என்பதுதான் வேடிக்கை.

பல வருடமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கும், வேலை பார்த்துக்கொண்டே போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கும் செய்யுள் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அணிகளின் பெயர்ப் பட்டியலோடு தொடங்கினால் வகுப்பு அங்கேயே படுத்துவிடும். அணி இலக்கண நூலான தண்டியலங்காரம், பொருளில் அமையும் பொருளணியை மட்டும் 35 என்று எண்ணுகிறது. அதில் உவமைக்குள்ளேயே கிளைக்குமேல் கிளை. பெயர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பெயர் கடைசியில் வரவேண்டியது. முதலில் வரவேண்டிய கேள்வி வேறு.

நான் கேட்கச் சொல்வது இதைத்தான்: பாட்டு நடக்கிற இடத்தில் இந்தப் பொருள் நிஜமாகவே இருக்கிறதா, இல்லை கவிஞர் வெளியிலிருந்து அழைத்து வந்ததா? இருப்பது உள்ளூர். அழைத்து வந்தது விருந்தாளி. நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டு, இடப்பக்கம் உள்ளூர்க்காரர்களையும் வலப்பக்கம் விருந்தாளிகளையும் எழுதச் சொல்வேன். அணி தானே பிடிபடும்.

எல்லோருக்கும் தெரிந்த குறுந்தொகை 40-ஐ எடுத்துக்கொள்வோம்.

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி அறிதும்
செம்புலப் பெயல்நீர் போல
அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே

உள்ளூரில் இருப்பவர்கள் அவன், அவள், இரண்டு தாய், இரண்டு தந்தை, இரண்டு நெஞ்சம். விருந்தாளி செம்மண் நிலமும் அதில் பெய்த மழையும். ‘போல’ இருக்கிறது, உவமை. இதோடு நிறுத்தினால் தேர்வு முடிந்தது, பாட்டு ஆரம்பிக்கவில்லை. அடுத்த கேள்வி, விருந்தாளி எதற்காக வந்தார்?

இதற்குத் தொல்காப்பியம் நல்ல வழி காட்டுகிறது. "வினைபயன் மெய்உரு என்ற நான்கே" என்று உவமவியல் தொடங்குகிறது. செய்கை ஒத்திருக்கலாம், விளைவு ஒத்திருக்கலாம், வடிவம் ஒத்திருக்கலாம், நிறம் ஒத்திருக்கலாம். இந்த நாலையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கச் சொல்வேன். இந்தப் பாட்டில் ஒப்புமையைக் கவிஞரே சொல்லிவிட்டார்: கலத்தல். ஆனால் முதல் மூன்று அடிகளைத் திரும்பப் படியுங்கள். உன் தாய் யாரோ, என் தாய் யாரோ, ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று அடுக்குகிறான். வானத்து நீருக்கும் செம்மண்ணுக்கும் என்ன உறவு? அதுவும் இல்லைதான். விழுந்தபிறகு பிரித்தெடுக்க முடியுமா என்றால் முடியாது. உவமை நாலாவது அடியில் திடீரென்று குதிக்கவில்லை. மூன்று அடியாக அதற்கு இடம் தயாராகிக்கொண்டிருந்தது. உவமை கண்டவுடன் அதற்கு முன்னால் இருக்கும் வரிகளுக்குத் திரும்பிப் போவதை நான் விடாமல் செய்யும் ஒரு பழக்கமாகவே வைத்திருக்கிறேன். இந்தப் பாட்டை எழுதியவரின் பெயர் நமக்குத் தெரியாது. அவருக்கே இந்த உவமையால் செம்புலப்பெயனீரார் என்று பெயர் நிலைத்துவிட்டது.

சரி, ‘போல’ இல்லாத இடங்கள்? நன்னூல் போல, புரைய, ஒப்ப, உறழ, மான, கடுப்ப, இயைய, ஏய்ப்ப, நேர, நிகர, அன்ன, இன்ன என்று 12 உருபுகளை, அதாவது ஒப்புமை காட்டும் சொற்களை, சொல்லி "பிறவும்" என்று முடிக்கிறது. இதை மனப்பாடம் செய்வது நல்லது, எனக்கு அதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் பிள்ளைகள் கோட்டைவிடுவது பெரும்பாலும் இந்த ‘பிறவும்’ பகுதியில்தான். குறளில் ‘அற்று’ வரும்: "கனிஇருப்பக் காய்கவர்ந் தற்று". சங்கப் பாட்டில் ‘ஆங்கு’ வரும். அதைவிடக் கள்ளத்தனமாக, ‘இன்’ என்று ஒரு வேற்றுமை உருபு உவமையைத் தூக்கிக்கொண்டு வரும். சில இடத்தில் உருபே இருக்காது. "அகர முதல எழுத்தெல்லாம் ஆதி பகவன் முதற்றே உலகு" என்பதில் இரண்டு வாக்கியங்கள் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன, அவ்வளவுதான். நடுவில் ‘அதுபோல’ என்று நாம்தான் போட்டுக்கொள்கிறோம்.

‘இன்’ எப்படி ஒளிந்திருக்கும் என்று காட்ட நான் எடுப்பது கம்பனின் நாட்டுப் படலத்துப் பாட்டு.

தண்டலை மயில்கள் ஆட, தாமரை விளக்கம் தாங்க,
கொண்டல்கள் முழவின் ஏங்க, குவளை கண் விழித்து நோக்க,
தெண் திரை எழினி காட்ட, தேம் பிழி மகர யாழின்
வண்டுகள் இனிது பாட, மருதம் வீற்றிருக்கும் மாதோ

நோட்டில் கோடு போடுங்கள். உள்ளூர்: சோலை, மயில், தாமரை, மேகம், குவளை, நீரலை, வண்டு. இவை எல்லாம் மருத நிலத்தில் சாதாரணமாக இருப்பவை. விருந்தாளி: விளக்கு, முழவு, கண், எழினி என்ற திரைச்சீலை, மகர யாழ். இவர்கள் வந்து நிற்கும் முறை ஒன்றுபோல இல்லை. "முழவின்", "யாழின்" என்ற இடங்களில் ‘இன்’ இருக்கிறது. முழவைப் போல, யாழைப் போல என்று பொருள். விளக்குக்கும் எழினிக்கும் எந்த உருபும் இல்லை. தாமரை விளக்கு ஏந்துகிறது, அலை திரைச்சீலையாகத் தெரிகிறது, அவ்வளவுதான். குவளைக்கோ கண்ணைக் கொடுத்துப் பார்க்கவும் வைத்துவிட்டார்.

இதற்குமேல் செய்யவேண்டியது ஒன்று உண்டு, அதைத்தான் நான் ரொம்ப ரசிப்பேன். இடப்பக்கத்தைக் கையால் மூடிவிட்டு வலப்பக்கத்தை மட்டும் படிக்கச் சொல்வேன். விளக்கு, முழவு, பார்க்கும் கண், திரைச்சீலை, யாழ். "சார், எல்லாம் நாட்டியக் கச்சேரிக்கு வேண்டிய சாமான்" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். விருந்தாளிகள் ஆளுக்கொரு திசையிலிருந்து வரவில்லை. எல்லோரும் ஒரே வீட்டிலிருந்து வந்திருக்கிறார்கள். அதனால்தான் கடைசியில் "மருதம் வீற்றிருக்கும்" என்ற சொல் அவ்வளவு பொருத்தமாக உட்காருகிறது. நாட்டியம் பார்க்கக் கொலுவிருப்பது அந்த நிலமே. நல்ல கவிஞரின் பாட்டில் ஒன்றுக்குமேல் உவமை வந்தால், வந்தவர்கள் ஒரே குடும்பமா என்று கட்டாயம் விசாரியுங்கள்.

இனி, ‘போல்’ கண்ணெதிரே நின்றும் உவமை அணி ஆகாத இடம். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் மதுரை மதிலை நெருங்குகிறார்கள்.

போருழந் தெடுத்த ஆரெயில் நெடுங்கொடி
வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட

உள்ளூரில் கொடி இருக்கிறது. அது அசைவதும் உண்மை. காற்றடித்தால் கொடி அசையும். ஆக பொருள் உள்ளூர், செயலும் உள்ளூர். விருந்தாளியாக வந்திருப்பது காரணம் மட்டும்தான்: ‘வராதே’ என்று தடுப்பதற்காக அசைகிறதாம். இயல்பாக நடக்கும் ஒன்றின்மேல் கவிஞர் தன் குறிப்பை ஏற்றினால் அது தற்குறிப்பேற்ற அணி. இந்த ஒரு வித்தியாசம் புரிந்தால் போதும், ‘போல்’ இருக்கிறதா இல்லையா என்ற குழப்பமே வராது. அதே காதையில் கொஞ்சம் முன்னால் வையை ஆறு வருகிறது. கண்ணகிக்கு வரப்போவதைத் "தான் அறிந்தனள் போல்" அது மலர் ஆடையைப் போர்த்துக்கொண்டு கண்ணீரை மறைத்துக்கொள்கிறது. மலர் மிதப்பது உண்மை, நீர் நிறைந்திருப்பது உண்மை, அழுகை கவிஞருடையது.

உருவகத்துக்கு நான் நேரம் அதிகம் செலவழிப்பதில்லை. மலரடி (மலர் போன்ற அடி) என்றால் உருபு மறைந்த உவமைத்தொகை, அடிமலர் (அடியாகிய மலர்) என்றால் உருவகம் என்பது எல்லாப் பாடநூலிலும் இருக்கிறது. அது போதும். கவனிக்க வேண்டியது பாதி சொல்லிப் பாதி விட்ட உருவகத்தைத்தான். "பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார் இறைவன் அடிசேரா தார்". பிறவியைக் கடலாக்கினார் வள்ளுவர். அப்படியானால் இறைவன் அடி என்ன? தெப்பம் என்று சொல்லவேண்டியது, சொல்லவில்லை. இதை ஏகதேச உருவகம் என்பார்கள். எந்த உருவகத்தைக் கண்டாலும், இதன் ஜோடி எங்கே என்று தேடினால் இந்த வகை கையில் சிக்கும்.

உவமைத்தொகை என்றதும் ஒரு சின்ன விலகல். குறுந்தொகை 167-இல் கூடலூர் கிழார் ஒரு புதுக்குடித்தனத்தைக் காட்டுகிறார். "காந்தள் மெல்விரல்", "குவளை உண்கண்" என்று இரண்டு உவமைத்தொகைகள் அதில் உண்டு. இரண்டும் பழகிப்போன உவமைகள், சங்கப் பாட்டில் எங்கும் கிடைக்கும். ஆனால் பாட்டின் உயிர் அங்கே இல்லை. கட்டித்தயிரைப் பிசைந்த விரலைக்கூடக் கழுவாமல் ஆடையைத் திருத்தி உடுத்துகிறாளே, தாளிப்புப் புகை கண்ணில் நிறைகிறதே, கணவன் ‘இனிது’ என்று சாப்பிடும்போது அவள் முகம் "நுண்ணிதின்" மகிழ்கிறதே, அங்கே இருக்கிறது. அவை எல்லாம் உள்ளூர்ச் சரக்கு. அணியைக் கண்டுபிடித்தால் பாட்டின் மையத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதை அணிப் பாடத்தின் நடுவிலேயே நடத்திவிடுவேன்.

இதுவரை பார்த்ததில் உள்ளூரும் விருந்தாளியும் சேர்ந்தே இருந்தார்கள். விருந்தாளி மட்டும் உட்கார்ந்திருக்க, வீட்டுக்காரரைக் காணோம் என்றால்?

பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டம்
சால மிகுத்துப் பெயின்

மயிலிறகு ஏற்றிய வண்டியானாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் அச்சு முறியும். சரி, வள்ளுவர் வண்டிக்காரருக்கா புத்தி சொல்கிறார்? இல்லை. எதைப் பற்றிய பேச்சு என்பது குறளுக்குள் எங்கும் இல்லை. அதிகாரத் தலைப்பில் இருக்கிறது. அதிகாரம் ‘வலியறிதல்’. எளியவர்கள்தானே என்று பலரைப் பகைத்துக்கொண்டால், அவர்கள் ஒன்றுசேரும்போது வலிமையானவனும் முறிந்துபோவான். இது பிறிது மொழிதல். குறளில் ஒரு வரி சம்பந்தமே இல்லாமல் வண்டி, தேர், முதலை என்று பேசிக்கொண்டு போனால் உடனே தலைப்பைப் பாருங்கள். இந்த ஒரு யோசனையால் பயன்பெற்றவர்கள் நிறையப் பேர்.

இப்போது கடினமான இடத்துக்கு வருவோம். விருந்தாளியே இல்லை, எல்லோரும் உள்ளூர், இருந்தும் ஒரு உவமை உள்ளே ஓடுகிறது. சங்கப் பாட்டின் உள்ளுறை உவமம் இதுதான். ஆலங்குடி வங்கனார் பாடிய குறுந்தொகை 8-ஐப் பாருங்கள்.

கழனி மாஅத்து விளைந்துகு தீம்பழம்
பழன வாளை கதூஉம் ஊரன்
எம்மில் பெருமொழி கூறித் தம்மில்
கையும் காலும் தூக்கத் தூக்கும்
ஆடிப் பாவை போல
மேவன செய்யும்தன் புதல்வன் தாய்க்கே

எங்கள் வீட்டில் இருக்கும்போது பெரிய பேச்சுப் பேசுவான். தன் வீட்டுக்குப் போனால், நாம் கையைத் தூக்கினால் கையையும் காலைத் தூக்கினால் காலையும் தூக்கும் கண்ணாடிப் பிம்பம் மாதிரி, மகனுடைய தாய்க்கு வேண்டியதையெல்லாம் செய்துகொண்டிருப்பான். கண்ணாடி விருந்தாளி, ‘போல’ இருக்கிறது, உவமை. எல்லோரும் இதைக் கண்டுபிடித்துவிட்டு, முதல் இரண்டு அடியைத் தாண்டிவிடுவார்கள். "அது அவன் ஊர் வர்ணனை சார்."

ஊர் வர்ணனைதான். வயலோரத்து மாமரம், உதிரும் பழம், அதைக் கவ்வும் வாளைமீன், எல்லாம் அவன் ஊரில் உண்மையாக இருப்பவை. ஆனால் ஊரைச் சொல்ல ஆயிரம் வழி இருக்க, இவள் ஏன் இந்தக் காட்சியைப் பொறுக்கினாள்? இங்கேதான் பாட்டின் துறையை, அதாவது யார் எந்தச் சமயத்தில் சொன்னது என்ற குறிப்பை, பார்க்கவேண்டும். பேசுகிறவள் பரத்தை. மனைவி தன்னைப் பற்றிப் பழித்துப் பேசினாள் என்று கேள்விப்பட்டு, மனைவிக்கு வேண்டியவர்கள் காதில் விழும்படி பேசுகிறாள். இது தெரிந்த பிறகு அந்த மீனைப் பாருங்கள். மீன் மரமேறிப் பழம் பறிக்கவில்லை. பழம் தானே முற்றி, தானே நீரில் விழுந்தது. மீன் வாயைத் திறந்தது. ‘நான் உன் புருஷனை வளைத்துப் போடவில்லை, அவனாக வந்தான்’ என்பதை ஒரு சொல் வெளிப்படச் சொல்லாமல் சொல்லிவிட்டாள். வெளிப்படையான கண்ணாடி உவமையில் அவனைக் கேலி செய்கிறாள். மறைவான மீன் உவமையில் தனக்காக வாதாடுகிறாள். ஆறே அடியில் இரண்டு வேலை.

பேசுகிறவர் யார் என்பது தெரியாமல் இதே இரண்டு அடிகளைப் படித்தால், மீன்தான் தலைவன், பழம் ஏதோ ஒரு பெண் என்று தலைகீழாக எழுதிவிடலாம். எழுதியும் இருக்கிறார்கள். அதனால் அகப்பாட்டில் எனக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு: யார், யாரிடம், எந்தச் சமயத்தில் சொல்கிறார் என்று மேலே எழுதாமல் உள்ளுறையைத் தொடக்கூடாது.

கபிலரின் குறுந்தொகை 18 இன்னும் சுவையானது.

வேரல் வேலி வேர்க்கோள் பலவின்
சாரல் நாட செவ்வியை ஆகுமதி
யாரஃ தறிந்திசி னோரே சாரல்
சிறுகோட்டுப் பெரும்பழம் தூங்கி யாங்குஇவள்
உயிர்தவச் சிறிது காமமோ பெரிதே

இரவில் வந்து போகும் தலைவனிடம் தோழி, சீக்கிரம் கல்யாணத்தை முடி என்கிறாள். சின்னக் கிளையில் பெரிய பழம் தொங்குவதைப் போல, இவள் உயிரோ மிகச் சிறிது, ஆசையோ பெரிது. இங்கே உருபு ‘ஆங்கு’. இந்தப் பலாப்பழம் விருந்தாளி. ஆனால் முதல் அடியிலும் ஒரு பலா நிற்கிறதே! அது அவனுடைய மலையின் பலா, உள்ளூர். வேரிலே காய்த்திருக்கிறது, சுற்றி மூங்கில் வேலி வேறு. ஒரே மரம் ஒரே பாட்டில் ஒருமுறை உள்ளூராகவும் ஒருமுறை விருந்தாளியாகவும் வருகிறது. இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பார்த்தால் தோழியின் சாமர்த்தியம் தெரியும். உன் ஊர்ப் பழம் எவ்வளவு பெருத்தாலும் தரை தாங்கும், வேலி காக்கும். இவளுடையது அந்தரத்தில் தொங்குகிறது, காம்பு எந்த நேரமும் இற்றுவிடும். ‘உனக்கென்ன, நீ பத்திரமாக இருக்கிறாய்’ என்ற குத்தல் அந்த வேலிக்குள் இருக்கிறது. முதல் அடியை அடைமொழி என்று தள்ளியிருந்தால் இது போயிருக்கும்.

உள்ளுறையில் ருசி கண்டவர்களுக்கு ஒரு வியாதி வரும். எல்லாவற்றிலும் உள்ளுறை தெரியும். மூங்கில் என்றால் இன்னார், குரங்கு என்றால் இன்னார் என்று சீட்டு ஒட்டத் தொடங்கிவிடுவார்கள். இவர்களுக்கு நான் கொடுக்கும் மருந்து அதே கபிலரின் 25-ஆம் பாட்டு. தலைவன் தன்னை மணந்த அன்று வேறு யாருமே இல்லை, அவன் பொய் சொன்னால் நான் என்ன செய்வேன் என்கிறாள் தலைவி. "தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால ஒழுகுநீர் ஆரல் பார்க்கும் குருகும் உண்டு". ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்தபடி ஒரு குருகு மட்டும் நின்றது. விருந்தாளி தினைத்தாள், கால் அதுமாதிரி மெல்லியதாய்ப் பசுமையாய் இருக்கிறது. அது சாதாரண உவமை.

"குருகு யாரைக் குறிக்கிறது?" என்று கேட்பார்கள். யாரையும் குறிக்கவேண்டாமே. அங்கே ஒரு பறவை நின்றது. அது ஒன்றே சாட்சி. அந்தச் சாட்சியின் கண்ணும் மீன்மேல் இருந்தது. இதற்குமேல் அந்தப் பெண்ணின் நிலைமையைச் சொல்ல என்ன வேண்டும்? குருகை வேறு ஆளாக மாற்றினால் பாட்டுக்குக் கூடுதலாக ஏதாவது கிடைக்கிறதா என்று பார்க்கச் சொல்வேன். கிடைக்காவிட்டால் பறவை பறவையாகவே இருக்கட்டும். மாங்கனியும் மீனும் வந்த பாட்டில் அப்படி இல்லை. மீனை வெறும் மீனாக விட்டால் முதல் இரண்டு அடிக்கு வேலையே இல்லை.

இந்த உள்ளூர்–விருந்தாளிக் கணக்கு செல்லாத இடமும் உண்டு. "தேவர் அனையர் கயவர் அவரும்தாம் மேவன செய்தொழுக லான்". கணக்குப் போட்டால் கயவர் உள்ளூர், தேவர் விருந்தாளி, ‘அனையர்’ உருபு, தம் விருப்பப்படி நடப்பது பொதுத்தன்மை. எல்லாம் சரியாக வரும், உவமை என்று விடையும் வரும். ஆனால் வள்ளுவர் புகழ்வதுபோலப் பழிக்கிறார், வஞ்சப்புகழ்ச்சி. இதற்குக் குரல் கேட்கவேண்டும். வாய்விட்டுப் படித்தால் ‘மேவன’ என்ற இடத்தில் கேலி தானாக வந்துவிடும். அதனால் கோடு போடுவதற்கு முன்னால் பாட்டை ஒருமுறை உரக்கப் படிக்கவேண்டும், அதுவும் சீர் சீராக இல்லாமல் பொருள் வரும்படி பிரித்து.

உரைகளை எப்போது திறப்பது என்று அடிக்கடி கேட்கிறார்கள். குறுந்தொகைக்கு 1937-இல் வந்த உ.வே.சா. பதிப்பு எனக்குத் துணை. உள்ளுறை விஷயத்தில், சொற்பொருளுக்குமேல் விளக்கம் சொல்லும் அதன் விசேட உரை கொட்டிக்கொடுக்கும். ஆனால் அருஞ்சொற்பொருளுக்கும் துறைக்கும் உரையை முதலிலேயே பார்த்துக்கொண்டு, விசேட உரையை மட்டும் கையால் மறைத்துவிடுங்கள். நீங்களாகக் கோடு போட்டு எழுதிய பிறகு திறங்கள். மாறுபட்டால் சண்டை போடலாம், உரையாசிரியர்களே தங்களுக்குள் போட்டவர்கள்தான். உள்ளுறை, இறைச்சி (அகப்பாட்டில் வரும் இன்னொரு வகை மறைபொருள்) இரண்டுக்கும் எல்லை எங்கே என்பதில் இன்றுவரை ஒத்த கருத்து கிடையாது. தொடக்கத்தில் அந்த வம்புக்குப் போகாமல் இருப்பது உத்தமம். தேர்வுத்தாளில் எழுதுகிறவர்கள் அணியின் பெயரை முதல் வரியில் எழுதிவிட்டு, அடுத்த வரியில் எது பொருள், எது உவமை, எது உருபு, எது பொதுத்தன்மை என்று பிரித்துக் காட்டிவிடுங்கள். உருபு மறைந்திருந்தால் ‘மறைந்து வந்துள்ளது’ என்று எழுதவேண்டும். அந்த இடத்தைக் காலியாக விட்டால் திருத்துகிறவர் உங்களுக்குத் தெரியவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்.